நிறுவுதலுக்கும் இலக்கணம் உண்டு

கணிப்பொறி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மாணவ நண்பர்களின் மனத்தில் எழுவது நிரல் எழுதும் கலைதான். வகுப்பில் நாம் பயில்வதும் அதுவே. தேர்வில் எழுதுவதும் அதுவே. எழுதி முடித்த நிரலை, ஏற்கெனவே ஆயிரம் நிரல்கள் குடியிருக்கும் ஒரு பொறிக்குள் கொண்டுபோய் வைப்பது எப்படி என்பதை நமக்கு எவரும் சொல்லித் தருவதில்லை. அது ஏதோ எடுபிடி வேலை என்றும், பொத்தானை அழுத்தினால் தானே நடந்துவிடும் என்றும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். என் கருத்து இதற்கு நேர்மாறானது. எழுதுவதற்கு அறிவு வேண்டும். நிறுவுவதற்கு அறிவோடு ஒழுக்கமும் வேண்டும். அந்த ஒழுக்கத்தை ஓர் இலக்கணமாகவே வகுத்து வைத்திருக்கிறது மெயின்ஃபிரேம் உலகம். அந்த இலக்கணத்தை நம் துறை மாணவர்கள் ஒருமுறையேனும் பயிலவேண்டும் என்று வாதிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெயின்ஃபிரேம் என்றதும் சில நண்பர்கள் புன்னகைப்பார்கள். "அது தாத்தா காலத்துப் பொறி அல்லவா?" என்று கேட்பார்கள். வயதானது என்பது உண்மைதான். ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 என்ற குடும்பத்தை உலகிற்கு அறிவித்தது 1964 ஏப்ரல் 7 அன்று. ஆனால் அக்குடும்பம் அற்றுப்போகவில்லை. அதன் வழிவந்த இசட்17 என்ற பொறி 2025இல் வெளிவந்தது. வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், விமான நிறுவனங்கள், அரசுத் துறைகள் எனப் பணமும் பதிவும் பெருமளவில் புழங்கும் இடங்களில் இப்பொறிகள் இன்றும் உழைக்கின்றன. சென்னையிலுள்ள மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில், கடல் கடந்த நாட்டு மெயின்ஃபிரேம்களை இரவும் பகலும் பேணுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களிலே நம்மைப்போல் அரசு கலைக் கல்லூரிகளில் பயின்றவர்களும் உண்டு.

இத்தகைய பொறியின் இயங்குதளம் எண்ணற்ற சிறு கூறுகளால் ஆனது. அவற்றில் ஒன்றில் பழுது கண்டால் திருத்தவேண்டும். புதிய வசதி வந்தால் சேர்க்கவேண்டும். ஆனால் பொறி ஓயாது உழைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு கூறின்மேல் வேறு பல கூறுகள் சாய்ந்து நிற்கின்றன. குடியிருக்கும் வீட்டிலே தூணை மாற்றுவது போன்ற வேலை இது. மாற்றும் தூண் எந்த உத்தரத்தைத் தாங்குகிறது என்று தெரியாமல் கைவைத்தால் என்ன ஆகும்?

சரிபார், பிறகு மாற்று

ஆதியில் இவ்வேலைக்கு 'சூப்பர்சாப்' என்று செல்லப்பெயர் பெற்ற ஒரு கருவி இருந்தது, இன்றும் இருக்கிறது. எந்திர மொழியில் இருக்கும் நிரலுக்குள் நேராகப் புகுந்து, குறிப்பிட்ட இடத்திலுள்ள பைட்டுகளை அழித்து வேறு பைட்டுகளை எழுதும் கருவி அது. இதைவிட ஆபத்தான கருவியை நினைத்துப் பார்ப்பதே கடினம். ஆயினும் அதன் கட்டளை வாக்கியங்களில் ஓர் அழகு இருந்தது. முதலில் 'வெர்' என்றொரு வாக்கியம் எழுதலாம். 'இந்த இடத்தில் இன்ன பைட்டுகள் இருக்கின்றனவா, சரிபார்' என்பது அதன் பொருள். அதன்பின் 'ரெப்', 'இருந்தால், அவற்றின் இடத்தில் இவற்றை எழுது' என்பது பொருள். சரிபார்த்தலில் பிழை கண்டால் தொடர்ந்துவரும் மாற்றங்களைக் கருவி செய்யாது, தொடாமல் விட்டுவிடும்.

நண்பர்களே, இந்த இரு சொற்களில்தான் நான் சொல்லவந்த கருத்தின் விதை இருக்கிறது. மாற்ற வருகிறவன், தான் எதை மாற்றுவதாக நினைக்கிறானோ அதுதான் அங்கே இருக்கிறதா என்று முதலில் கேட்கவேண்டும். தெரிந்து செயல்வகை என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்த மண்ணில் பிறந்த நமக்கு இது புதிய அறிவுரை அன்று. புதுமை எங்கே என்றால், அறிவுரையாக இருந்ததை இங்கே பொறி கட்டாயப்படுத்தக்கூடிய இலக்கணமாக மாற்றியிருக்கிறார்கள் என்பதில்.

திருத்தங்கள் பெருகப் பெருக, பைட்டுகளை மட்டும் சரிபார்ப்பது போதவில்லை. எந்தத் திருத்தம் எந்தத் திருத்தத்தின்மேல் நிற்கிறது என்ற கணக்கு வேண்டியிருந்தது. அதற்காக எழுந்ததே 'சிஸ்டம் மாடிஃபிகேஷன் புரோகிராம்'. சுருக்கமாக எஸ்.எம்.பி. என்பார்கள்; அதன் விரிந்த வடிவமே இன்று வழங்கும் எஸ்.எம்.பி./இ. ஐ.பி.எம். மட்டுமன்றி, மெயின்ஃபிரேமுக்கு மென்பொருள் செய்யும் பிற நிறுவனங்களும் தம் பொருளை இதன் இலக்கணப்படியே கட்டி அனுப்புகின்றன.

வாக்கியத்தின் அமைப்பு

அனுப்பப்படும் பொருள் நான்கு வகைப்படும். ஒரு மென்பொருளை முதன்முதல் கொண்டுவருவது 'ஃபங்ஷன்'. அதற்கு நிறுவனம் தரும் திருத்தம் 'பி.டி.எஃப்.'; அவசரத்திற்கு உரிய இடைக்காலத் திருத்தம் 'அபார்'; பயன்படுத்துவோர் தம் தேவைக்குத் தாமே செய்துகொள்ளும் மாற்றம் 'யூசர்மாட்'. பி.டி.எஃப். என்பதன் விரிவு 'புரோகிராம் டெம்பரரி ஃபிக்ஸ்', அதாவது தற்காலிகத் திருத்தம். பெயர் தற்காலிகம் என்றாலும் பெரும்பாலானவை நிரந்தரமாகத் தங்கிவிடுகின்றன என்பது ஒரு சுவையான செய்தி.

இவற்றுள் எதுவாயினும் பொருளுக்கு முன்னால் சில கட்டுப்பாட்டு வாக்கியங்கள் வரும். எடுத்துக்காட்டாக நானே புனைந்த எண்களோடு ஒன்றைத் தருகிறேன். பொறியிலே ஆங்கில எழுத்தில் எழுதுவதை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்:

++பிடிஎஃப்(யுஎக்ஸ்00011).
++வெர்(இசட்038) எஃப்எம்ஐடி(ஹெச்பிபி7790)
பிரி(யுஎக்ஸ்00007) சப்(ஓஎக்ஸ்00005).
++மாட்(எக்ஸ்மாட்) டிஸ்ட்லிப்(ஏஓஎஸ்12).

இதனைத் தொடர்ந்து, எக்ஸ்மாட் என்ற கூறின் எந்திர வடிவம் வரும்.

முதலில் எழுத்திலக்கணம். ஒவ்வொரு வாக்கியமும் வரியின் முதல் இரு கட்டங்களில் இரண்டு கூட்டல் குறிகளோடு தொடங்கவேண்டும். 72ஆம் கட்டத்திற்குள் எழுதவேண்டும். போதாவிட்டால் அடுத்த வரிக்குச் செல்லலாம். முடிவில் முற்றுப்புள்ளி கட்டாயம். வரிக்கு 80 கட்டங்கள் என்ற கணக்கு அந்நாளைய துளையட்டையிலிருந்து வந்தது. அட்டையின் கடைசி எட்டுக் கட்டங்கள் வரிசை எண்ணுக்கு என ஒதுக்கப்பட்டிருந்தன. அட்டை போய்விட்டது, அதன் அளவு நிலைத்துவிட்டது. விளக்கக் குறிப்பு எழுத விரும்பினால் சாய்கோடும் உடுக்குறியும் இட்டுத் தொடங்கலாம். ஆனால் முதல் கட்டத்தில் அதைத் தொடங்கக்கூடாது. அங்கே அவ்விரு குறிகள் வந்தால் 'உள்ளீடு முடிந்தது' என்று பொறி பொருள்கொள்ளும். ஒரே குறி நின்ற இடத்தால் பொருள் வேறுபடுகிறது. தமிழ் இலக்கணம் பயின்றவர்க்கு இதில் வியப்பில்லை.

அடுத்துச் சொல்லிலக்கணம். முதல் வாக்கியம் பெயர் சொல்கிறது: 'நான் இன்ன எண்ணுடைய திருத்தம்'. பெயர் ஏழு எழுத்துகளால் ஆனது. இரண்டாம் வாக்கியமே உயிர்நிலை. 'இசட்038' என்பது எம்.வி.எஸ். வழிவந்த இயங்குதளக் குடும்பத்தின் குறி; சி.ஐ.சி.எஸ். போன்ற பிறவற்றுக்கு வேறு குறிகள் உண்டு. 'எஃப்எம்ஐடி' என்பது நான் எந்த மென்பொருளின் எந்தப் பதிப்புக்கு உரியவன் என்று சொல்வது. 'பிரி' என்றால் முன்தேவை: 'இன்ன திருத்தம் எனக்கு முன்னால் இங்கே இருக்கவேண்டும்'. 'சப்' என்றால் உள்ளடக்கம்: 'இன்னது செய்த வேலையை நானே செய்கிறேன்; அது இனித் தனியாக வேண்டியதில்லை'. இங்கே வராத வேறு சொற்களும் உண்டு. 'ரெக்' என்றால் உடன்தேவை: 'நானும் அதுவும் சேர்ந்தே வரவேண்டும்'. 'என்பிரி' என்பது பகை. புதிதாக ஒரு மென்பொருளை நிறுவும்போது, 'இன்ன மென்பொருள் இருக்கும் இடத்தில் நான் இருக்க முடியாது' என்று அறிவிப்பது அது. மூன்றாம் வாக்கியம், எந்தக் கூறு வருகிறது, அது எந்த நூலகத்திற்கு உரியது என்று சொல்கிறது.

இன்னொரு வாக்கியம் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. '++இஃப்' என்பது அது. 'இன்ன மென்பொருள் இங்கே இருந்தால், இன்ன திருத்தமும் உடன் வேண்டும்' என்று அது சொல்லும். அந்த மென்பொருள் இப்போது இல்லையென்றால் என்ன ஆகும்? அந்நிபந்தனையை எஸ்.எம்.பி./இ. மறந்துவிடுவதில்லை, பதிவேட்டில் குறித்து வைத்துக்கொள்கிறது. ஐந்தாண்டு கழித்து அந்த மென்பொருள் வந்து நிறுவப்படும் நாளில், பழைய நிபந்தனையை எடுத்து முன்வைக்கிறது. வருங்காலத்தில் எவரோ ஒருவர் செய்யப்போகும் செயலுக்கு இன்றே எழுதிவைக்கும் எச்சரிக்கை அது. நம் வீட்டுப் பெரியவர்கள் பத்திரத்திலே எழுதிவைக்கும் நிபந்தனைகளை இது நினைவூட்டவில்லையா?

இவற்றை எல்லாம் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். இவ்வாக்கியங்கள் 'வை', 'போடு' என்று ஏவுகிற கட்டளைகள் அல்ல, வாக்குமூலங்கள். வருகிற பொருள் வாசலிலேயே நின்று, நான் யார், எந்த வீட்டுக்கு உரியவன், எவர் இருந்தால் வாழ்வேன், எவருக்குப் பதிலாக வந்தேன் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. நிறுவும் கலையின் அடிப்படை இதுவே என்பது என் துணிபு.

சொல்பவர் ஒருவர், செய்பவர் ஒருவர்

வாக்குமூலம் எழுதுபவர் மென்பொருள் செய்தவர். நிறுவுபவர் வேறொருவர், அவருக்கு உரியவை வேறு கட்டளைகள். 'ரிசீவ்' என்றால் பெற்றுக்கொள். இன்னும் பொறியின் நூலகங்கள் தொடப்படவில்லை. 'அப்ளை' என்றால் ஓடிக்கொண்டிருக்கும் முறைமைக்குரிய இலக்கு நூலகங்களில் வை. 'அக்செப்ட்' என்றால், வைத்துப் பார்த்தோம், நன்றாக இருக்கிறது, மூலப்படியாக வைத்திருக்கும் பகிர்வு நூலகங்களிலும் ஏற்றுக்கொள். சரியில்லை என்று கண்டால், ஏற்றுக்கொள்ளும் முன் 'ரிஸ்டோர்' என்று சொல்லலாம். பகிர்வு நூலகத்திலிருக்கும் பழைய படியைக் கொண்டு இலக்கு நூலகம் முன்னிருந்த நிலைக்கு மீளும். ஏற்றுக்கொண்ட பிறகு அந்த வழி அடைபடும். நிச்சயத்திற்கும் திருமணத்திற்கும் இடையிலே காலம் விடும் நம் வழக்கம் போன்றதே இது.

'அப்ளை' என்பதோடு 'செக்' என்ற சொல்லைச் சேர்த்தால் எதையும் மாற்றாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும். எது நிறைவேறும், எது தடைபடும், ஏன் என்று அறிக்கை தரும். வாக்குமூலத்தை மட்டும் நம்பிப் பொறி சும்மா இருந்துவிடுவதும் இல்லை. ஒவ்வொரு கூறுக்கும் அது யாரால் முதலில் வந்தது, கடைசியாக யாரால் முழுமையாக மாற்றப்பட்டது, அதன்பின் யார் யார் கைவைத்தார்கள் என்ற வரலாறு பதிவேட்டில் இருக்கிறது. புதிய பி.டி.எஃப். ஒன்று ஒரு கூறை மாற்ற வந்தால், கடைசியாக அதை மாற்றிய திருத்தத்தின் பெயரை அது முன்தேவையாகவோ உள்ளடக்கமாகவோ சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லையென்றால், 'உனக்கு முன் இருந்தவனை உனக்குத் தெரியவில்லை; உன்னை உள்ளே விட்டால் அவன் செய்த திருத்தம் அழிந்துபோகும்' என்று தடுத்துவிடுகிறது.

'++ஹோல்டு' என்பதையும் சொல்லவேண்டும். ஒரு திருத்தமே பிழையுடையது என்று பின்னர் தெரியவந்தால், அதன்மேல் 'நிறுத்திவை' என்ற வாக்கியம் வெளியிடப்படும். காரணமாக அப்பிழையைப் பதிவுசெய்த அபாரின் எண் குறிக்கப்படும். அதே அபாரை உள்ளடக்கியதாகச் சொல்லிக்கொண்டு வேறொரு திருத்தம் வரும்போது, இரண்டையும் சேர்த்து நிறுவலாம். தடை தானே தீரும். மற்றொரு வகை நிறுத்தம் பிழையால் அன்று, மனிதர் கவனிக்கவேண்டிய செயல் ஒன்று இருப்பதால் இடப்படுவது. 'இதை வைக்குமுன் நீங்கள் இன்னதைச் செய்யவேண்டும்', 'பொறியை மறுபடி தொடங்கவேண்டும்' என்பன போன்ற குறிப்புகள் அதில் இருக்கும். நிறுவுபவர் படித்துப் பார்த்து 'பைபாஸ்' என்று எழுதி ஒப்பினால்தான் பணி தொடரும். படிக்காமலே 'பைபாஸ்' எழுதுகிறவர்களும் உண்டு என்று இத்துறையில் பணியாற்றும் மூத்த நண்பர் ஒருவர் என்னிடம் வருந்திச் சொன்னார். இலக்கணம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கையெழுத்திடுபவனின் மனச்சான்றை அது உண்டாக்கித் தராது என்பதற்கு இது சான்று.

2012 ஜூனில் நடந்தது

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு, பிரிட்டனில் நடந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுகிறேன். ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமம் 2012 ஜூன் 17 அன்று, இரவுநேரத் தொகுப்பு வேலைகளை வரிசைப்படுத்தும் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றியது. அதில் சிக்கல் தென்பட்டது. எனவே புதியதை நீக்கிப் பழையதற்கே திரும்பிவிட முடிவு செய்தார்கள். திரும்பினால் என்ன விளையும் என்பதை முதலில் சோதித்துப் பார்க்கவில்லை. புதிய பதிப்பும் பழைய பதிப்பும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை; வேலைகளின் வரிசை குலைந்தது. அக்குழுமத்தைச் சேர்ந்த நாட்வெஸ்ட், அல்ஸ்டர் வங்கி ஆகியவற்றின் வாடிக்கையாளர்களும் சேர்ந்து, பிரிட்டனில் குறைந்தது 65 இலட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். கணக்கில் பணம் இருந்தும் இருப்பு எவ்வளவு என்று அறிய முடியவில்லை. உரிய நாளில் கட்டவேண்டிய தவணைகளைக் கட்ட முடியவில்லை. சிலருக்கு இந்த அல்லல் வாரக்கணக்கில் நீடித்தது. 2014 நவம்பரில் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையங்கள் இரண்டும் சேர்ந்து 5 கோடியே 60 இலட்சம் பவுண்டு தண்டம் விதித்தன.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பெருந்தீங்கு புதியதை வைத்ததால் மட்டும் விளையவில்லை. திரும்பிப்போகும் வழியை ஆராயாமல் திரும்பியதால் விளைந்தது. எஸ்.எம்.பி./இ.யின் 'ரிஸ்டோர்' கூட நிரலைத்தான் மீட்டுத் தரும். அதற்குள் நிரல் தொட்டுவிட்ட தரவுகளை மீட்டுத் தராது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆகவே, ஒரு கருவியை வாங்கி வைத்தால் போதும் என்பது என் வாதம் அன்று. கருவிக்குள் இருக்கும் கேள்விகள் நம் சிந்தனைக்குள் வரவேண்டும் என்பதே வாதம். 'இது எதன்மேல் நிற்கிறது? எதை அப்புறப்படுத்துகிறது? வேண்டாமென்றால் எப்படித் திரும்புவது?' இம்மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதாமல் கைவைப்பதில்லை என்ற பழக்கம் வேரூன்றினால், சாதாரணக் குடிமகனின் சம்பளப் பணம் சிக்கிக்கொள்ளும் நிலை அரிதாகும்.

மறுப்புகளும் விடைகளும்

"இவ்வாக்கியங்களை இன்று யார் கையால் எழுதுகிறார்கள்? எல்லாம் திரையிலே சொடுக்கினால் நடக்கின்றனவே" என்பது ஒரு மறுப்பு. மெயின்ஃபிரேமிலும் இன்று உலாவி வழியாக நிறுவும் வசதி வந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் திரைக்குப் பின்னால் அதே பதிவேடும் அதே இரட்டைக் கூட்டல் வாக்கியங்களும்தான் இருக்கின்றன. திரையில் பிழைச்செய்தி தோன்றும் நாளில் வாக்கியம் படிக்கத் தெரிந்தவரைத்தான் தேடுவார்கள். கணக்குப்பொறி வந்துவிட்டது என்பதற்காக வாய்பாட்டை நாம் விட்டுவிடவில்லையே!

"இது ஒரு நிறுவனத்தின் தனி மொழி, வேறெங்கும் பயன்படாது" என்பது இரண்டாவது மறுப்பு. சொற்கள் அந்நிறுவனத்துடையவை; கருத்து பொதுவானது. நம் ஆய்வகத்தில் புழங்கும் லினக்ஸையே பாருங்கள். 1993இல் தொடங்கிய டெபியன் குழுவினரின் ஒவ்வொரு மென்பொருள் பொதியிலும் 'கண்ட்ரோல்' என்ற பெயரிலேயே ஒரு கோப்பு இருக்கிறது. 'டிபெண்ட்ஸ்', 'கான்ஃபிளிக்ட்ஸ்', 'ரிப்ளேசஸ்' என்று அதிலே எழுதியிருப்பவை, முன்தேவை, பகை, பதிலிடல் என்ற அதே உறவுகளின் வேறு பெயர்களே. ஒன்றை ஊன்றிக் கற்றவனுக்கு மற்றொன்று ஒரு மாலைப்பொழுதில் வசப்படும்.

"ஆங்கிலவழி மாணவர்களுக்கே கடினமான இக்கையேடுகளைத் தமிழ்வழியில் பயின்று வந்தவர்கள் எப்படிப் படிப்பார்கள்?" என்பது மூன்றாவது. இதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். இவ்வாக்கியங்கள் ஆங்கில உரைநடை அல்ல. மொத்தச் சொற்கள் ஒரு சிறு அகராதிக்குள் அடங்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே பொருள். இடம், புள்ளி, அடைப்பு எல்லாவற்றிற்கும் விதி. எழுவாய், பயனிலை, எச்சம் என்று வாக்கியத்தைப் பிரித்துப் பழகிய தமிழ் மாணவனுக்கு இது உகந்த பாடமே. நான் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் பயின்றவன். கையேட்டின் ஆங்கில விளக்கத்தில் தடுமாறும் இடங்களில் எல்லாம், கீழே தந்திருக்கும் வாக்கிய அமைப்பே எனக்கு விளக்கமாக நின்றது. முன்தேவை, உடன்தேவை என்று தமிழிலே சொல்லிப் பார்த்தபோது என் வகுப்புத் தோழர்களுக்கும் ஐயம் அகன்றது.

"பல கோடி விலையுள்ள பொறி நம் கல்லூரியில் ஏது?" என்பது கடைசிக் கேள்வி. பொறி வேண்டியதில்லை. ஹெர்குலிஸ் என்ற இலவச மென்பொருள், நம் ஆய்வகத்து எளிய கணிப்பொறியையே மெயின்ஃபிரேம் போல் நடிக்கச் செய்கிறது. அதன்மேல் எம்.வி.எஸ். 3.8 என்ற பழைய இயங்குதளத்தை ஓட்டலாம். அதிலே எஸ்.எம்.பி.யின் நான்காம் வெளியீடு இருக்கிறது. நானும் இரு நண்பர்களும் ஆய்வக உதவியாளர் ஐயாவின் அனுமதியோடு இதைச் செய்து பார்த்தோம். இல்லாத ஒரு திருத்தத்தை வேண்டுமென்றே முன்தேவையாகப் பெயரிட்டு ஒரு யூசர்மாட் எழுதி, ஒத்திகைக்கு அனுப்பினோம். பொறி மறுத்தது, எது இல்லாததால் மறுத்தேன் என்று அறிக்கையும் தந்தது. மேலே நான் எழுதிக் காட்டிய 'இசட்038' என்ற குறியே அந்தப் பழைய முறைமையிலும் வழங்குகிறது. எத்தனையோ ஆண்டுகளுக்கு முந்தைய பாட்டனும் இன்றைய பேரனும் ஒரே குடும்பப் பெயரோடு இருப்பதைக் கண்டபோது, இலக்கணத்தின் உறுதி என்பது என்னவென்று விளங்கியது.

நாம் செய்யக்கூடியது

குறை சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆகவே இரு வேண்டுகோள்களை ஆசிரியப் பெருமக்களின் முன்வைக்கிறேன்.

ஒன்று, மென்பொருள் பொறியியல் தாளில் நிறுவுதலுக்கென நான்கைந்து வகுப்புகளை ஒதுக்கி, ஹெர்குலிஸ் வழியாக இவ்வாக்கியங்களை ஒருமுறை எழுதிப் பார்க்கச் செய்யவேண்டும். பாடத்திட்டத்தை மாற்றப் பல்கலைக்கழகத்தை எதிர்நோக்கத் தேவையில்லை. செய்முறை வகுப்பிலேயே இடம் காணலாம்.

மற்றொன்று இதனினும் எளியது. இந்த ஆண்டே தொடங்கக்கூடியது. நம் துறையில் ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்கள் திட்டப்பணி செய்கிறார்கள். கட்டி முடித்த அறிக்கைகள் அலமாரியில் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றுள் பயனுள்ள மென்பொருள்கள் பல உண்டு. ஆனால் சென்ற ஆண்டு அண்ணன்மார் செய்ததை இந்த ஆண்டுத் தம்பிகள் ஓட்டிப் பார்க்க முனைந்தால் பெரும்பாலும் ஓடுவதில்லை. எந்தப் பதிப்புத் தரவுத்தளம் வேண்டும், எந்த நூலகத் தொகுப்பு வேண்டும், எதனோடு ஒவ்வாது என்ற செய்தி அறிக்கையின் நூறு பக்கங்களில் எங்கும் இராது. செய்தவர்கள் சான்றிதழ் பெற்றுச் சென்றுவிட்டார்கள். யாரைக் கேட்பது? அத்தனை மாத உழைப்பும் அட்டைக்குள்ளேயே உறங்கிப்போகிறது. வருகிறவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

ஆகவே, ஒவ்வொரு திட்டப்பணி அறிக்கையிலும் ஒரே ஒரு பக்கம் கூடுதலாக வேண்டும். அதில் ஐந்து தலைப்புகள் போதும்: பெயரும் பதிப்பும், முன்தேவை, உடன்தேவை, ஒவ்வாதவை, திரும்பும் வழி. மாணவர் எழுதிக் கையொப்பமிடட்டும். அப்பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு இளநிலை மாணவர் ஒருவர் வேறொரு கணிப்பொறியில் அந்த மென்பொருளை நிறுவிக் காட்டட்டும். நிறுவ முடிந்தால்தான் மதிப்பெண் முழுமை பெறும் என்று விதி செய்யலாம். செலவு ஒரு தாள். பயனோ, ஓராண்டு உழைப்பு அடுத்த ஆண்டின் கையில் உயிரோடு சேர்வது.

நிரல் எழுதுகிறவர் தன் அறிவை வெளிப்படுத்துகிறார். நிறுவுதற்குரிய வாக்கியத்தை எழுதுகிறவரோ, தனக்கு முன் வந்தவர்களையும் பின் வரப்போகிறவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறார். நாம் கட்டும் எந்த மென்பொருளும் வெற்றிடத்தில் வாழப்போவதில்லை. பிறர் கட்டியவற்றோடு சேர்ந்துதான் வாழப்போகிறது. சேர்ந்து வாழ்வதற்கு வேண்டிய நாவடக்கமும் நேர்மையும் இரட்டைக் கூட்டல் குறிக்குப் பின்னால் இருக்கின்றன. அவற்றைக் கற்றுக்கொண்டு வெளியேறும் மாணவன், எந்தப் பொறியின்முன் அமர்ந்தாலும் நம்பத்தக்கவனாக இருப்பான். அந்த நம்பிக்கையை நம் கல்லூரியின் பெயரோடு சேர்க்கும் முதல் அணி நாமாக இருப்போமாக!